14 வயதிலேயே ஒரு பையனின் ஹாக்கியை முடிவு செய்துவிடலாமா?

வாவிக்கரை (நுவரெலியா)
வணக்கம். கிரிக்கெட்டும் கரப்பந்தும் ஓடிக்கொண்டிருக்கிற பகுதியில் ஐஸ் ஹாக்கியைக் கொண்டுவந்து போடுகிறேன், யாரும் திட்டாதீர்கள். இங்கே விடியற்காலை எழுந்து என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) பார்க்கிற ஆட்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

விஷயம் இதுதான். அக்கா குடும்பம் டொரொண்டோ ஸ்காபரோவில் இருக்கிறது. மகனுக்கு 14 வயது. டபுள் ஏ மட்டத்தில் விளையாடுகிறான், முன்வரிசை நடுவில் ஆடும் சென்டர். இப்போது ஒரு கோச் வந்து, அடுத்த சீசன் அதற்கு மேல்மட்டமான டிரிபிள் ஏவுக்கு வா, கால்பந்தை விட்டுவிடு, கோடையிலும் ஐஸை விடாதே, தனியாக ஸ்கேட்டிங் வகுப்பும் எடு என்கிறாராம். இந்த வருடம் விட்டால் பஸ் போய்விடும் என்று சொன்னதில் அக்காவுக்குத் தூக்கம் இல்லை. மச்சான் இரவு வேலை பார்க்கிறார். செலவு ஒரு பக்கம், விடிய ஆறு மணிக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுவது யார் என்பது இன்னொரு பக்கம்.

வீட்டு வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்குத் தெரிய வேண்டியது பொதுவான ஒன்று. இந்த விளையாட்டில் 14 வயதில் அப்படி என்னதான் முடிவாகிறது?

தலவாக்கலை 22
முடிவாகிறது அண்ணே. மனதுக்குப் பிடிக்காவிட்டாலும் அதுதான் நிலைமை. ஒன்டாரியோவில் பையன்களை ஓ.எச்.எல். (அந்த மாகாணத்தின் ஜூனியர் லீக்) அணிகள் தெரிவு செய்வது 15, 16 வயதில். அதற்கு முந்தைய சீசன்களில்தான் ஸ்கவுட்கள் (அணிகளுக்குத் திறமை தேடுகிறவர்கள்) குறிப்பேட்டோடு வந்து உட்காருகிறார்கள். அவர்கள் உட்காருவது டிரிபிள் ஏ மேட்ச்சில். டபுள் ஏவுக்கு வருவது அபூர்வம். 18 வயதில் என்.எச்.எல். டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுப்பது. 32 அணி, 7 சுற்று. மொத்தம் 220 சொச்சம் பேர், அதுவும் உலகம் முழுவதிலிருந்து.

என்.எச்.எல். நட்சத்திரங்கள் ஜான் டவாரெஸ், கானர் மெக்டேவிட் இரண்டு பேரையும் 15 வயதிலேயே விசேட அனுமதி கொடுத்து ஓ.எச்.எல்.லுக்குள் விட்டார்கள். டவாரெஸ் 2005, மெக்டேவிட் 2012. இரண்டு பேரும் டிராஃப்டில் முதல் ஆள். ஆகவே கண்ணுள்ளவனுக்கு 15 வயதிலேயே தெரிகிறது. மருமகனை டிரிபிள் ஏவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ சிவா (சொந்த ஊர் கொட்டகலை)
தம்பி 22, அதே விசேட அனுமதி 2013இல் ஷான் டே என்ற டிஃபென்ஸ் பையனுக்கும் கிடைத்தது. மெக்டேவிட்டுக்கு அடுத்த வருடம். அவன் 2016 டிராஃப்டில் போனது 81ஆவது ஆளாக. என்.எச்.எல்.லில் நிலைக்கவும் இல்லை. ஷேன் ரைட்டுக்கு 2019இல் கொடுத்தார்கள். மூன்று வருடமாக முதல் ஆள் அவன்தான் என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் 2022 டிராஃப்ட் இரவில் அவன் நான்காவதாகப் போனதைப் பார்த்தார்கள். நல்ல ஆட்டக்காரன்தான், குறை சொல்லவில்லை. 15 வயதில் தெரிகிறது என்றால் எவ்வளவு தெரிகிறது என்றும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் இங்கே ரிங்க் வாசலில் நின்று பல வருடமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறவன். எங்கள் வீட்டிலும் ஒருத்தன் விளையாடினான், இப்போது கல்லூரியில் படிக்கிறான், ஹாக்கி பொழுதுபோக்கு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், வாவிக்கரை, மருமகன் எந்த மாதம் பிறந்தவன்? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் வெட்டுகிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. எட்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரம், எடை, கால் பலம் எல்லாவற்றிலும் தெரியும். பெரியவனை நல்லவன் என்று எடுக்கிறார்கள். எடுத்தபின் அவனுக்கு நல்ல கோச், அதிக ஐஸ் நேரம், கடினமான எதிரணி. நாலு வருடத்தில் அவன் உண்மையிலேயே நல்லவன் ஆகிவிடுகிறான். 1980களிலேயே ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடா உளவியல் ஆய்வாளர் ஜூனியர் லீக் வீரர்களின் பிறந்த தேதிகளை வைத்து இதைக் காட்டினார். வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதத்தில் பிறந்தவர்களைவிடப் பல மடங்கு.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2013இல் வந்த ஓர் ஆய்வு, வருடத்தின் பிற்பாதியில் பிறந்தவர்கள் டிராஃப்டில் பின்னால் போனாலும், போன இடத்துக்கு எதிர்பார்ப்பதைவிட நன்றாக ஆடினார்கள் என்றது. அதாவது அணிகளே 18 வயதிலும் பிறந்த மாதத்தில் ஏமாறுகின்றன. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஸ்கவுட்டுக்கே அந்த நிலை என்றால் சனிக்கிழமை காலை காப்பி கப்போடு நிற்கிற தொண்டர் கோச்சின் தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பீர்கள்?

வாவிக்கரை (நுவரெலியா)
நவம்பர் கடைசி. உயரமும் வகுப்பில் நடுத்தரம்தான். அவன் அப்பா வழியில் எல்லாரும் பதினாறு, பதினேழில்தான் நெட்டையானார்கள் என்று அக்கா சொல்கிறாள்.

பீ.டி. மாஸ்டர் (ஹட்டன், ஓய்வு)
தம்பிமார் எழுதுவதைப் படித்துக்கொண்டே வருகிறேன். ஐஸ் ஹாக்கி எனக்குத் தெரியாது. டன்பார் மைதானத்தில் கால் முழுக்கச் சேறாக நின்று பிள்ளைகளைத் தெரிவு செய்தவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சிவா சொன்ன பிறந்த மாத விஷயம் நம்மிடமும் இருக்கிறது. ஜனவரி 31க்கு ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும் என்று முதலாம் தரத்துக்கு எடுக்கிறோம். பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதும்போது ஒருத்திக்குப் பத்தரை வயது, இன்னொருத்திக்கு ஒன்பதரைதான். வெட்டுப்புள்ளி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தேறியவள் டவுன் பாடசாலைக்குப் போகிறாள். தேறாதவள் தோட்டப் பாடசாலையில் நிற்கிறாள். அப்புறம் பத்து வருடம் கழித்து, பார்த்தாயா, அன்றைக்கே தெரிந்தது என்கிறோம்.

முரளிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிக்காரர், தாத்தா தோட்ட வேலைக்கு வந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் 14 வயதுவரை அவர் போட்டது மிதவேகம். சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர்தான் சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். பதின்மூன்று வயதில் யாராவது அவரை மிதவேகப் பந்துவீச்சாளர் என்று எடைபோட்டு ஓரமாக நிறுத்தியிருந்தால் அந்த 800 விக்கெட் எங்கே? ஒரு பயிற்றுநரின் திறமை யாரை நீக்குகிறார் என்பதில் இல்லை ஐயா. இருக்கிறவனிடம் இன்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் இருக்கிறது.

தலவாக்கலை 22
மாஸ்டர், மன்னிக்க வேண்டும், முரளி கதை எல்லா விவாதத்திலும் வந்துவிடுகிறது. அவர் மாதிரி ஒருத்தர்தான் வந்தார். பிந்தி மலர்ந்தவர்களின் பெயர் நமக்கு ஞாபகம் இருப்பதே அவர்கள் அபூர்வம் என்பதால்தான். பின்னால் நட்சத்திரங்களான டட்சுக் 171, ஸெட்டர்பெர்க் 210, லண்ட்குவிஸ்ட் 205 என்று டிராஃப்ட் நம்பரோடு சொல்கிறோம். முதல் சுற்றில் போய் ஒழுங்காக ஆடிய நூற்றுக்கணக்கான பேரின் நம்பரை யார் சொல்கிறார்கள்? கூட்டிப் பார்த்தால் முதல் சுற்றுக்காரர்கள் பின் சுற்றுக்காரர்களைவிட அதிகமாகவே நிலைக்கிறார்கள். ஸ்கவுட்கள் முட்டாள்கள் இல்லை.

அப்புறம் ஒன்று. டபுள் ஏவில் தங்கி நிம்மதியாக மலரட்டும் என்று சொல்கிறோம். அங்கே எதிரே வருகிற டிஃபென்ஸ் மெதுவாக வந்தால் இவன் கை வேகமாக வேண்டிய அவசியமே இல்லை. கடினமான ஆட்களோடு ஆடாமல் எப்படி வளர்வது?

ஸ்காபரோ சிவா (சொந்த ஊர் கொட்டகலை)
> கடினமான ஆட்களோடு ஆடாமல் எப்படி வளர்வது?

இது நியாயமான கேள்வி. ஆனால் "ஆடுவது" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு மேட்ச்சில் 14 வயதுப் பையன் ஒரு ஷிப்டுக்கு, அதாவது ஒரு முறை இறங்கினால், முக்கால் நிமிடமோ ஒரு நிமிடமோ ஐஸில் நிற்கிறான். மீதி நேரம் பெஞ்ச். ஐஸில் நிற்கும் நேரத்திலும் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அவன் ஸ்டிக்கில் இருப்பது சில விநாடி. டிரிபிள் ஏ அணியில் மாறி மாறி இறங்கும் வரிசைகளில் கடைசியான நான்காவது வரிசை என்றால் அதிலும் பாதி. தோற்றுக்கொண்டிருக்கும் மூன்றாவது பீரியட்டில் கோச் முதல் இரண்டு வரிசையை மட்டும் மாற்றி மாற்றி விடுவார், இவன் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். அங்கே உட்கார்ந்திருப்பதைவிட டபுள் ஏவில் முதல் வரிசையில் நின்று, எதிரணியில் ஆள் குறையும் பவர் பிளேயும் ஆடி, தன் அணியில் ஒருத்தன் குறைவாக நிற்கும்போதும் ஆடினால் அவனுக்குப் பக் கிடைக்கும். மட்டத்தின் பெயரை விடுங்கள். இவனுக்கு எத்தனை நிமிடம், எந்த நேரத்தில், யாருக்கு எதிரே என்று கோச்சிடம் கேட்கச் சொல்லுங்கள் வாவிக்கரை. நேராகப் பதில் வராவிட்டால் அதுவே பதில்.

ஓ.எச்.எல். பற்றியும் ஒன்று. முன்பு அது பெரிய கத்தி. 16 வயதில் ஓ.எச்.எல்.லில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக் கதவு மூடிவிடும். அந்த லீக்கைத் தொழில்முறை என்று கணக்கிட்டார்கள். அதனால் 15 வயதில் வீட்டுக்குள் சண்டை. அந்த விதியை 2024 நவம்பரில் மாற்றினார்கள், 2025-26 சீசனிலிருந்து ஜூனியரில் ஆடியவனும் கல்லூரிக்குப் போகலாம். கேவின் மெக்கென்னா மெடிசின் ஹாட் ஜூனியர் அணியை விட்டு அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது அதனால்தான். ஆக இப்போதைய பையனுக்கு 16இலும் வழி உண்டு, 18இலும் உண்டு, 20 வயதில்கூடக் கல்லூரிக்கு நுழையலாம். கதவு எண்ணிக்கை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அந்த கோச் சொல்லும் பஸ் எந்த வருடத்து நேர அட்டவணைப்படி ஓடுகிறது என்று தெரியவில்லை.

இரண்டின் தன்மையும் வேறு. ஓ.எச்.எல்.லில் 68 மேட்ச், நீண்ட பஸ் பயணம், என்.எச்.எல். வாழ்க்கையின் ஒத்திகை. கல்லூரியில் பெரும்பாலும் வெள்ளி, சனி மட்டும் மேட்ச், அதில் பாதிக்குச் சற்று மேல். மீதி நாள் பயிற்சியும் ஜிம்மும். உடம்பு பிந்தி வளர்கிறவனுக்கு இரண்டாவது நன்றாகப் பொருந்தும்.

உடப்புசல்லாவை உறைபனி
நம்ம பக்கம் ஐஸ் என்றால் ஜனவரி விடியலில் லீக்ஸ் பாத்தி மேலே வெள்ளையாக இருக்குமே அதுதான். அதன்மேல் ஸ்கேட் போட்டால் தோட்டக்காரர் வெட்டிவிடுவார். தொடருங்கள் ஐயா, படித்துக்கொண்டிருக்கிறேன்.

மாத்தளை லெஃப்ட் விங்
உறைபனி அண்ணனுக்கு ஒரு தகவல். ஐஸ் இருக்கிற ஊரில்தான் ஐஸ் ஹாக்கி என்று இல்லை. என்.எச்.எல். நட்சத்திரம் ஆஸ்டன் மேத்யூஸ் வளர்ந்தது அரிசோனாப் பாலைவனத்தில். சின்ன ஐஸ் தளத்தில், மூன்றுக்கு மூன்று ஆடி, இடமே இல்லாத இடத்தில் பக்கைக் காப்பாற்றிப் பழகியவன். நான் ஆடியது புல் ஹாக்கி. மாத்தளைக்காரனுக்குப் பிறந்த உடனே ஸ்டிக் கொடுப்பார்கள் என்று கேலி செய்வார்கள், அதில் பாதி உண்மை. எங்கள் முழு மைதானத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளை விட்டால் பந்துக்குப் பின்னால் பத்துப் பேர் கொத்தாக ஓடுவார்கள், பந்தைத் தொடுவது இரண்டு பேர். மைதானத்தைக் குறுக்காக வெட்டி நான்குக்கு நான்கு விட்டால் எல்லாரும் தொடுவார்கள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஏமாற்றப் பழகுவார்கள்.

கனடாவிலும் இதையே செய்கிறார்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 2017-18 சீசனிலிருந்து நாடு முழுவதும் முழு ரிங்க் கிடையாது, குறுக்காக அல்லது பாதி. அப்போது பெற்றோர் போட்ட சண்டையைப் பார்த்திருக்க வேண்டும். என் பிள்ளையின் என்.எச்.எல். கனவைக் கெடுக்கிறீர்கள் என்று! 200 அடி நீளத் தளத்தில் ஆறு வயதுக் குழந்தை ஓடுவது ஹாக்கி இல்லை, ஓட்டப்பந்தயம்.

நார்வேயில் இன்னும் ஒரு படி மேலே. பதினொரு வயதுவரை புள்ளிப் பட்டியலே போடக்கூடாது, பதின்மூன்றுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. ஹாக்கிக்கு மட்டும் இல்லை, எல்லா விளையாட்டுக்கும். அந்தச் சின்ன நாடு குளிர்கால ஒலிம்பிக்கில் எடுக்கிற பதக்கத்தை எண்ணிப் பாருங்கள்.

தலவாக்கலை 22
நார்வேக்காரர்கள் பதக்கம் எடுப்பது பனிச்சறுக்கில். ஐஸ் ஹாக்கியில் சுவீடனும் பின்லாந்தும் எங்கே, நார்வே எங்கே? அந்த உதாரணத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

மாத்தளை லெஃப்ட் விங்
சரி, இதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். சின்னத் தளக் கதையில் மாற்றம் இல்லை.

பதுளை பிசியோ
நான் ஆஸ்பத்திரி பிசியோ. ஹாக்கி ரசிகை இல்லை, ஆனால் 14 வயது என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 13, 14. சராசரிதான், ஒருத்தனுக்குப் 12, இன்னொருத்தனுக்குப் 16. எலும்பு முதலில் நீளும், தசையும் தசைநாணும் பின்னால் வரும். அந்த இடைவெளியில் பிள்ளை தன் காலையே தடுக்கி விழுவான். நேற்றுவரை அழகாக ஓடியவன் இன்று தடுமாறுவான். கோச் அதைச் சோம்பல் என்பார். ஒரு வருடம் பொறுத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று. வருடம் முழுவதும் ஒரே விளையாட்டை ஒரே அசைவில் ஆடினால் அதே மூட்டு, அதே தசைநாண் தொடர்ந்து அடிவாங்கும். ஹாக்கி ஸ்கேட்டிங்கில் இடுப்பு மூட்டுக்கு வருகிற சுமை சாதாரண ஓட்டத்தில் வருவதுபோல் இல்லை. வளர்கிற வயதில் அது இடுப்பு எலும்பின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றக்கூடும். கோல் காக்கிற கோலிகளுக்கு இன்னும் அதிகம். கால்பந்தை விடச் சொன்ன கோச்சிடம் அதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இருக்காது என்பது என் ஊகம். கோடையில் கால்பந்து ஆடட்டும், நீந்தட்டும். இடுப்பு அவனுக்கு நாற்பது வயதிலும் வேண்டும்.

உடம்பால் மோதும் ஆட்டம் எந்த வயதில் தொடங்குகிறது அங்கே?

ஸ்காபரோ சிவா (சொந்த ஊர் கொட்டகலை)
13இலிருந்து, அதுவும் போட்டி மட்டத்தில் மட்டும் அக்கா. முன்பு 11, 12 வயதிலேயே அனுமதித்தார்கள். 2013இல் ஹாக்கி கனடா அதை உயர்த்தியது. தலைக்காயமும் எலும்பு முறிவும்தான் காரணம். நீங்கள் சொன்ன உயரக் கணக்கை வைத்துப் பாருங்கள்: மீசை வந்தவனும் குரல் உடையாதவனும் ஒரே ஐஸில் மோதுகிறார்கள்.

பீ.டி. மாஸ்டர் (ஹட்டன், ஓய்வு)
பிசியோ மகள் சொன்னதைப் பெரிய எழுத்தில் அடித்து ஒவ்வொரு பாடசாலை விளையாட்டு அறையிலும் ஒட்ட வேண்டும். மாகாணப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று சொன்ன பையனை நடிக்கிறான் என்று சொல்லி ஓடவிட்ட பயிற்றுநரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

தலவாக்கலை 22
சரி, 14 வயதை விடுவோம். 18 வயதுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு உண்மையான கோபம். நான் எட்மண்டன் ரசிகன். 2012இல் நெயில் யாகுபோவ் முதல் ஆள். நேராக அணியில் போட்டார்கள், முதல் சீசனில் 48 மேட்ச்சில் 17 கோல். அப்புறம் சரிந்துகொண்டே போய் ஆறு சீசனில் என்.எச்.எல்.லையே விட்டுப் போனான். கோச்சை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவரும் வேறு வேறு பாடம். அந்தப் பையனை வளர்க்கவில்லை, செலவழித்தார்கள்.

ஆனால் அதே அணி 2014இல் டிரைசைட்டலை எடுத்தது. 37 மேட்ச் ஆடி இரண்டு கோல். ஜனவரியில் ஜூனியருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கெலோனாவில் போய், கனடா ஜூனியர் சாம்பியன்ஷிப்பான மெமோரியல் கப்பின் சிறந்த வீரன் ஆனான். அடுத்த சீசனின் தொடக்கத்தில் ஏ.எச்.எல்., அதாவது என்.எச்.எல்.லுக்கு அடுத்த கீழ் லீக். 2020இல் என்.எச்.எல்.லின் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை. திருப்பி அனுப்பினால் பையன் மனம் உடைந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

வாவிக்கரை (நுவரெலியா)
டெட்ராய்ட் முறைதான் சரி என்று ஒரு பேச்சு உண்டே? பழுத்து விழும்வரை கீழே வைத்திருப்பது.

தலவாக்கலை 22
ஆமாம், தங்கள் ஏ.எச்.எல். அணியான கிராண்ட் ரேப்பிட்ஸில் வைத்துப் பழுக்க விடுவார்கள். டட்சுக் 23 வயதில்தான் வந்தார், ஸெட்டர்பெர்க் 22இல், லிட்ஸ்ட்ரோம் 21இல். ஆனால் இந்த மூன்று பேரும் கிராண்ட் ரேப்பிட்ஸில் பழுத்தவர்கள் இல்லை. ரஷ்யாவிலும் சுவீடனிலும் பெரியவர்களுக்கான லீக்கில் ஆடிவிட்டு நேராக வந்தவர்கள். இன்னொன்றும் கேட்கிறேன்: டட்சுக் இப்படி வருவார் என்று டெட்ராய்ட்டுக்கே தெரிந்திருந்தால் ஆறாவது சுற்றுவரை எதற்குக் காத்திருந்தார்கள்? பாதி கண், பாதி அதிர்ஷ்டம்.

எனக்குப் பிடித்தது டாம்பா. பாலட் 208ஆவது, டைலர் ஜான்சனை யாரும் எடுக்கவே இல்லை. இரண்டு பேரும் 2012இல் டாம்பாவின் கீழ் அணியான நார்ஃபோக்கில் ஜான் கூப்பரின் கீழ் ஏ.எச்.எல். கோப்பை எடுத்தவர்கள். அதே கூப்பர் மேலே வந்து அதே பையன்களை வைத்து 2020, 2021 என்று என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கப் இரண்டு. கீழே சொல்லிக்கொடுத்ததும் மேலே எதிர்பார்த்ததும் ஒன்று. எட்மண்டனிடம் இல்லாதது அதுதான், வயதுக் கணக்கு இல்லை.

ஸ்காபரோ சிவா (சொந்த ஊர் கொட்டகலை)
இதில் 22 சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், நாளைக்கு மழை வரும். ஆனால் ஸ்லாஃப்கோவ்ஸ்கியையும் சேர்த்துக்கொள். 2022 முதல் ஆள், 18 வயதில் மாண்ட்ரியல் அவனை மேலேயே வைத்துக்கொண்டது. 39 மேட்ச்சில் 10 புள்ளி (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து), முழங்கால் காயம். எல்லாரும் கெட்டுப்போனான் என்றார்கள். அடுத்த சீசன் 50 புள்ளி. அவனுக்குக் கோச் யார்? மார்ட்டின் செயின்ட் லூயி. ஐந்தடி எட்டங்குலம், டிராஃப்டில் யாரும் எடுக்காதவர், கால்கரி வேண்டாம் என்று விட்டபின் டாம்பாவுக்குப் போய் 2004இல் ஹார்ட் கோப்பை எடுத்தவர். மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பாருங்கள்.

ஒரு விதியையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் புரிவதில்லை. கனடா ஜூனியரிலிருந்து எடுக்கப்பட்டவன் 18, 19 வயதில் ஏ.எச்.எல்.லில் ஆட முடியாது என்பது இத்தனை வருடமாக இருந்த ஒப்பந்தம். ஒன்று என்.எச்.எல்., இல்லையேல் ஜூனியர். ஜூனியருக்கு அதிகம், என்.எச்.எல்.லுக்குக் குறைவு என்று நடுவில் நின்ற பையன்கள் அதில்தான் நசுங்கினார்கள். ஐரோப்பாவிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ வந்தவனுக்கு அந்தத் தடை கிடையாது.

கொட்டகலை குமார்
இவ்வளவு பேசுகிறீர்கள், நம் நிறத்து ஆட்கள் யாராவது உண்டா அந்த லீக்கில்? சும்மா கேட்கிறேன்.

ஸ்காபரோ சிவா (சொந்த ஊர் கொட்டகலை)
சும்மா கேட்கிற கேள்வி இல்லை குமார். இந்திய வம்சாவளியில் முதலில் ஆடியவர் ராபின் பாவா, 1989-90இல் வாஷிங்டனுக்கு. மேனி மல்ஹோத்ரா 1998 டிராஃப்டில் ஏழாவது ஆள். இப்போது பார்க்க வேண்டியவர் அர்ஷ்தீப் பெய்ன்ஸ், கனடாவின் சர்ரே பையன். 18 வயதிலும் யாரும் எடுக்கவில்லை, அப்புறமும் எடுக்கவில்லை. ரெட் டியரில் கடைசி ஜூனியர் சீசனில், 2021-22இல், 112 புள்ளி எடுத்து மேற்குக் கனடா ஜூனியர் லீக் முழுவதிலும் முதலிடம். அந்த சீசனில்தான் வான்கூவர் ஒப்பந்தம் கொடுத்தது. 2025இல் வான்கூவரின் கீழ் அணியான அபாட்ஸ்ஃபோர்ட் ஏ.எச்.எல். கோப்பை எடுத்தபோது அவர் அணியில், கோச் மல்ஹோத்ரா.

தமிழ்ப் பிள்ளைகள் ஸ்காபரோ, மார்க்கம் ரிங்குகளில் நிறைய வருகிறார்கள். ஆனால் மேலே போகப் போகக் குறைகிறார்கள். காரணம் திறமை இல்லை. டிரிபிள் ஏ ஒரு சீசனுக்குக் கட்டணம், ஸ்கேட், ஸ்டிக், வெளியூர்ப் போட்டி, ஹோட்டல் என்று பல ஆயிரம் டொலர். கோடைப் பயிற்சி தனி. இரவு வேலை பார்க்கிற அப்பாவும் பேக்டரிக்குப் போகிற அம்மாவும் இதை எத்தனை வருடம் தாங்குவார்கள்? தெரிவு பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், அதற்கு முன்னாலேயே பணம் ஒரு தெரிவு நடத்தி முடித்துவிடுகிறது.

பீ.டி. மாஸ்டர் (ஹட்டன், ஓய்வு)
இங்கே ஸ்பைக் சப்பாத்து இல்லாமல் வெறுங்காலில் ஓடிய பிள்ளைக்கும் அதுதான் நடந்தது.

தலவாக்கலை 22
கட்டண விஷயத்தில் ஒன்று. ஓ.எச்.எல்.லில் ஆடினால் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகப் படிப்புச் செலவு அணி தரும். தொழில்முறை ஆட்டத்துக்கு வராதவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. டிரிபிள் ஏ செலவை வெறும் என்.எச்.எல். லாட்டரிச் சீட்டாகப் பார்க்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்காபரோ சிவா (சொந்த ஊர் கொட்டகலை)
உண்மை. ஆனால் அதே பணத்தைப் பத்து வருடம் படிப்புக் கணக்கில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கூட்டிப் பார். என் மனைவி கூட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு வீட்டில் ஹாக்கி பொழுதுபோக்கு ஆனது.

மஸ்கெலியா மலர்
ஆண் பிள்ளைகளைப் பற்றியே பேசி முடித்துவிட்டீர்கள். என் தங்கை மகள் அஜாக்ஸில் ஆடுகிறாள், 12 வயது, கோலி. பெண் பிள்ளைகளுக்கும் இந்த 14 வயதுப் பதற்றம் உண்டா?

ஸ்காபரோ சிவா (சொந்த ஊர் கொட்டகலை)
குறைவு மலர். பெண்களுக்கு ஓ.எச்.எல். மாதிரி ஒரு ஜூனியர் தெரிவே இல்லை, அதனால் 15 வயதில் கழுத்தில் கத்தி வைக்க ஆளில்லை. பெரும்பாலும் வழி பல்கலைக்கழகம்தான், கனடாவிலோ அமெரிக்காவிலோ. நான்கு வருடம் ஆடி, படித்து முடித்து, 22 வயதில் பி.டபிள்யு.எச்.எல். (பெண்களின் தொழில்முறை லீக்) டிராஃப்டுக்கு வருகிறார்கள். சாரா ஃபிலியர் ஒன்டாரியோப் பிள்ளை, பிரின்ஸ்டனில் ஆடிவிட்டு 2024இல் முதல் ஆளாக நியூயார்க்குக்குப் போனாள். லீக் தொடங்கியதே 2024 ஜனவரியில், டொரொண்டோவுக்கும் ஓர் அணி உண்டு. சம்பளத்தை ஆண்கள் லீக்கோடு ஒப்பிடவே முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வளர்ப்பு முறையை மட்டும் பார்த்தால் நாலு வருடம் கூடுதலாகப் பொறுக்கிற முறை. பையன்களுக்கு ஏன் இது இல்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கோலி என்றால் இன்னும் அவசரமே வேண்டாம். வினிபெக் கோலி ஹெலபக்கை என்.எச்.எல். டிராஃப்டில் எடுத்தது 130ஆவது ஆளாக. அதற்கு முந்தைய சீசன் அவர் ஆடியது டெக்ஸாஸ் ஒடெசாவில், ஹாக்கி ஊர் என்று யாரும் சொல்லாத ஊர். 2025இல் லீக்கின் சிறந்த வீரர். கோலியின் கணிப்பு பிந்தித்தான் கனியும், மட்டம் எதுவானாலும் நிறையப் பக் வருகிற அணியில் இருந்தால் நல்லது. எப்போதும் ஜெயிக்கிற அணியில் கோலிக்கு வேலையே இருக்காது.

பதுளை பிசியோ
கோலி என்றால் இடுப்பு, மலர். முழங்காலை உள்ளே மடக்கி விழுகிற அந்த நிலையை 12 வயதில் ஒரு நாளைக்கு எத்தனை முறை பயிற்சி கொடுக்கிறார்கள் என்று தங்கையிடம் கேட்கச் சொல்லுங்கள். இடுப்பின் முன்பக்கம், தொடை சேரும் இடத்தில் வலி என்று பிள்ளை சொன்னால் நீட்டிவிடு சரியாகும் என்று விடக் கூடாது, காட்ட வேண்டும். வேண்டுமானால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், வீட்டில் செய்யக்கூடிய இடுப்புப் பயிற்சிகளை எழுதித் தருகிறேன்.

மஸ்கெலியா மலர்
போட்டுவிட்டேன் அக்கா. வலி இருக்கிறதாம், இடது பக்கம். யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள், டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று.